பெயரிற் புகுந்த தெய்வம்: 'என்தியோஜென்' என்னும் சொல்லாக்கம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1979ஆம் ஆண்டின் முற்பாதியில் ஐக்கிய அமெரிக்காவின் ஆய்விதழ் ஒன்றிலே சில பக்கங்களேயான கட்டுரையொன்று வெளியாயிற்று. அதனை எழுதியோர் ஐவர். பொஸ்ரன் பல்கலைக்கழகத்திற் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைக் கற்பித்த கார்ல் றக், நியூயோர்க்கின் பெருவங்கியொன்றில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றபின் காளான்களின் வரலாற்றையே வாழ்க்கைப் பணியாக்கிக்கொண்ட கோர்டன் வாசன் ஆகிய இருவரும் அவர்களுள் நன்கறியப்பட்டோர். ஜொனதன் ஒற், ஜெரமி பிக்வூட், டனி ஸ்ரேப்பிள்ஸ் ஆகியோர் ஏனையோர். மனிதனின் புலனுணர்வையும் நனவுநிலையையும் பெயர்த்துவிடும் வல்லமை வாய்ந்த சில செடிகளுக்கும் கொடிகளுக்கும் காளான்களுக்கும் மேனாட்டார் வழங்கிவந்த பெயர்கள் யாவும் பொருந்தாதவை என்பது அவர்தம் வாதம். அவற்றுக்கு மாற்றாக அவர்கள் முன்வைத்த சொல்லே 'என்தியோஜென்' என்பது. கிரேக்க வேர்களைக் கொண்டு புனையப்பட்ட இச்சொல்லுக்குத் 'தெய்வத்தை உள்ளே உண்டாக்குவது' எனப் பொதுவாகப் பொருள் கூறப்படுகின்றது.

அக்கட்டுரை எவ்விதழில் வெளியாயிற்று என்பது சிறிது நகைப்பிற்குரியது. அவர்கள் பொருந்தாதெனத் தள்ளிய பெயர்களுள் முதன்மையானது 'சைக்கடெலிக்' என்பது. அவர்களது கட்டுரைக்கு இடமளித்த இதழோ அச்சொல்லையே தன் பெயரில் தாங்கி நின்றது. இரண்டாண்டுகள் கழித்து, 1981இல், அவ்விதழும் தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஆயினும் அது ஐவரின் புதுச்சொல்லை ஏற்கவில்லை. உளத்திற் செயற்படுவது என்னும் பொருளுடைய, தெய்வமும் சேராத, எவருக்கும் மனக்கசப்பைத் தராத பொதுச்சொல் ஒன்றையே தேர்ந்துகொண்டது. ஒரு பொருளுக்குப் பெயர் வைப்பதில் இத்துணை இழுபறி ஏன் எழுந்தது என்பதும், ஐவரின் சொல் அவ்விழுபறியைத் தீர்த்ததா என்பதும் ஆராயத்தக்கன.

பழைய பெயர்களை முதலில் நோக்குதல் தகும். 1924இல் ஜேர்மானிய மருந்தியலறிஞரான லூயி லெவின், மனிதர் இன்பத்திற்காகவும் கிளர்ச்சிக்காகவும் உட்கொள்ளும் பொருட்களை ஐந்தாக வகுத்து, காட்சிகளைத் தோற்றுவிப்பவற்றைப் 'பன்ராஸ்ரிக்கா' என அழைத்தார். கற்பனையைச் சுட்டும் கிரேக்க வேரிலிருந்து பிறந்த அச்சொல் அழகியதே; ஆனால் நிலைக்கவில்லை. சுவிற்சலாந்தின் பாசல் நகரிலே அல்பேட் ஹொவ்மன் 1938இல் ஆக்கி, 1943இல் அதன் ஆற்றலைத் தற்செயலாகத் தம்முடலிலேயே கண்டறிந்த எல்.எஸ்.டி. என்னும் பொருள் 1947 முதல் உளமருத்துவர்க்கு வழங்கப்பட்டபோது, நோயாளியின் மனநிலையை மருத்துவர் தாமே சிறிது நேரம் அனுபவித்தறிய அது உதவும் என்பது அதனோடு கூறப்பட்ட பயன்களுள் ஒன்று. இக்கருத்தின் வழியே 1950களில் 'சைக்கோற்றோமிமெற்றிக்' என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. பித்தினைப் போலச்செய்வது என்பது அதன் பொருள். அதே காலப்பகுதியிற் பரவிய 'ஹலூசினோஜென்' என்பதோ இல்லாததை உள்ளதாகக் காட்டுவது என்னும் கருத்தினது. மனம் அலைந்து திரிதலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. சட்டமும் அரசாங்கங்களும் இன்றுவரை பெரிதும் விரும்புவது இதனையே.

இப்பெயர்கள் ஒவ்வொன்றும் பொருளை மட்டுமன்றிப் பெயரிட்டவனையும் காட்டிக்கொடுக்கின்றன. மருத்துவமனையில் நின்று நோக்கியவனுக்கு அது பித்து. நீதிமன்றில் நின்று நோக்கியவனுக்கு அது பொய்த்தோற்றம். உட்கொண்டவனுக்கு அது என்னவாயிருந்தது என்னும் வினா இப்பெயர்களில் எழவேயில்லை.

அவ்வினாவை முதன்முதற் பெயருக்குள் கொண்டுவர முயன்றவர் ஹம்பிறி ஒஸ்மண்ட் என்னும் ஆங்கிலேய உளமருத்துவர் எனலாம். அவர் 1950களிற் கனடாவின் சஸ்கற்சுவான் மாகாணத்து வேபேண் மனநோய் மருத்துவமனையிற் பணியாற்றியவர். பெயோட்டி என்னும் கள்ளியினத் தாவரத்திலுள்ள மெஸ்கலீனை ஆராய்ந்துவந்த அவர், 1953ஆம் ஆண்டு மே மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே நாவலாசிரியர் அல்டஸ் ஹக்ஸ்லிக்கு அதில் 0.4 கிராம் அளவினை நீரிற் கரைத்துக் கொடுத்தார். அவ்வனுபவத்தை ஹக்ஸ்லி மறு ஆண்டே நூலாக்கினார். இருவர்க்குமிடையே நெடிய கடிதத் தொடர்பும் வளர்ந்தது. 1956இல் அக்கடிதங்களுள்ளேதான் பெயர் பற்றிய வழக்கு எழுந்தது. ஹக்ஸ்லி 'ஃபனரோதைம்' என்றொரு சொல்லை ஆக்கி, அதனை ஈரடிச் செய்யுள் ஒன்றினுள் அமைத்து அனுப்பினார். வெளிப்படுதலையும் உயிருணர்வையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஒஸ்மண்ட் அதனை ஏற்காது, தாமும் ஈரடிச் செய்யுளாகவே விடை எழுதி, அதன் எதுகையிடத்திலே 'சைக்கடெலிக்' என்னும் தம் சொல்லை வைத்தார். நூற்றாண்டின் பெருவழக்குச் சொற்களுள் ஒன்று வேடிக்கையான செய்யுட்போட்டியொன்றிற் பிறந்தது என்பதை எண்ணும்போது, நம் புலவரின் சிலேடைப் போட்டிகளை இகழ்வோர் சற்றுத் தயங்குவர்.

உளத்தை வெளிப்படுத்துவது என்பதே ஒஸ்மண்ட் தம் சொல்லுக்குக் கொண்ட பொருள். 1957இல் நியூயோர்க் விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் அதனை அவர் அறிவுலகின் முன் வைத்தார். அக்கட்டுரையின் தலைப்பிற் பித்தினைப் போலச்செய்வது என்னும் பழஞ்சொல்லே இருந்தது; உள்ளேதான் புதுச்சொல் இடம்பெற்றது. தெளிவும் ஓசையினிமையும் வேறெந்தத் தொடர்பின் கறையும் படியாமையும் அச்சொல்லின் சிறப்புகள் என்பது அவர் கூற்று. கறைபடியாமைக்காக அவர் இலக்கணத்தையும் சிறிது வளைத்தார் போலும். கிரேக்கச் சொற்புணர்ச்சி வழக்கின்படி 'சைக்கோ' என்றே முன்மொழி வருதல் வேண்டும். பித்தினைக் குறிக்கும் சொற்களிலெல்லாம் அவ்வொலி முன்நிற்றலால் அதனை விலக்கியிருத்தல் கூடும். ஆயினும், பத்தாண்டு கழியுமுன்னர் அச்சொல் நீண்ட தலைமயிருக்கும் கண்கூசும் சுவரொட்டிகளுக்கும் மின்கித்தார் இசைக்கும் உரியதாயிற்று. ஆய்வுகூடத்திலிருந்து வீதிக்கு இறங்கிய சொல்லை மீண்டும் ஆய்வுகூடத்திற்கு அழைத்தல் எளிதன்று. 1968இல் ஐக்கிய அமெரிக்காவில் எல்.எஸ்.டி.யை வைத்திருத்தலே குற்றமாயிற்று. 1971இல் ஐக்கிய நாடுகளின் பொருத்தனையும் உருவாயிற்று.

ஐவரின் கண்டனம் இவ்விடத்திலிருந்தே தொடங்குகின்றது. அக்கண்டனத்தின் பெரும்பகுதி நியாயமானது என்பதை மறுத்தற்கில்லை. 'சைக்கடெலிக்' என்பது புணர்ச்சியிற் பிழையுடையது என அவர்கள் காட்டினர். அதனினும் மேலாக, மலைக்கிராமமொன்றிலே நோயாளியின் பாயருகே இரவு முழுதும் பாடி விழித்திருக்கும் முதுபெண் ஒருத்தியின் செயலை 1960களின் நகரத்து இளைஞர் களியாட்டத்திற்குரிய சொல்லாற் குறிப்பது பொருந்தாது என்றனர். பித்தினையும் பொய்த்தோற்றத்தையும் சுட்டும் பெயர்களோ அம்மக்களின் சமயவாழ்வை நோயென்றும் பொய்யென்றும் முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடுகின்றன. பிறர் பண்பாட்டினை ஆராயப் புகுவோன் அப்பண்பாட்டினை இழித்துரைக்கும் சொல்லைக் கையிலெடுத்துக்கொண்டு புகுதல் தகாது என்னும் அவர்தம் நெறி போற்றற்குரியது. குறை அவர்கள் இழித்ததை நீக்கியதில் இல்லை. நீக்கிய இடத்தில் எதனை இருத்தினர் என்பதிலேயே உளது.

'என்தியோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லைத் தேர்ந்ததற்கு அவர்கள் தரும் விளக்கம் உன்னிப்பாக நோக்கத்தக்கது. தெய்வம் உட்புகுந்து ஒருவனை ஆட்கொண்ட நிலையை அச்சொல் குறித்தது என்றும், வருவதுரைக்கும் ஆவேசம், காதல் வேட்கை, கலைப்படைப்பு ஆகியவற்றுக்கு வழங்கியது என்றும், தெய்வத்தோடு ஒன்றாகக் கருதப்பட்ட பொருளை உட்கொள்ளும் சடங்குகளுக்கும் பயன்பட்டது என்றும் அவர்கள் கூறுகின்றனர். இப்பட்டியலில் முதல் மூன்றுக்கும் பொருளெதுவும் வேண்டுவதில்லை என்பது மனங்கொளற்பாலது. பிளேற்றோவின் 'அயோன்' உரையாடலிலே கவிஞன் என்தியோஸ் ஆகின்றான். அவன் எதனையும் உண்டு அந்நிலை எய்தியதாகச் சோக்கிரதீசர் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ஊக்கத்தைக் குறிக்க வழங்கும் 'என்தூசியாசம்' என்பதும் இதே வேரினது. ஆகவே கிரேக்கர்க்கு அச்சொல் நிலையைக் குறித்தது, காரணத்தைக் குறிக்கவில்லை.

தமிழ் மாணவர்க்கு இவ்விடம் அந்நியமானதன்று. 'வெறி' என்னும் சொல் சங்கச் செய்யுட்களில் முருகன் ஏறிய ஆவேசத்தையும் அவ்வாவேசத்தோடு வேலன் ஆடும் ஆட்டத்தையும் சுட்டுகின்றது, நறுமணத்தையும் சுட்டுகின்றது, பிற்காலத்திற் குடிமயக்கத்தையும் சுட்டலாயிற்று. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே 'வெறி' என்றால் இன்று மதுமயக்கமே முன்நிற்கும். குடிகாரனை 'வெறிக்குட்டி' என்று சிறுவரும் அழைப்பர். தெய்வ ஆவேசமும் குடிமயக்கமும் ஒரு சொல்லுக்குள் அருகருகே வாழ்வதைக் கண்டு, பழந்தமிழர் ஏதோ ஒன்றை உண்டே வெறியாடினர் என முடிவுகட்ட ஒருவர்க்குத் தோன்றலாம். இலக்கியமோ அதற்கு இடந்தரவில்லை. திருமுருகாற்றுப்படையிலே மூங்கிற் குழாயில் முற்றிய தேறலை உண்டு குறவர் ஆடுவது குரவைக்கூத்து. வெறியாட்டுக் களத்தில் முன்நிற்பனவோ செந்தினையும் மறியின் குருதியும் நறும்புகையும் பறையொலியும் ஆகும். கிழக்கிலங்கையின் அம்மன் கோயிற் சடங்குகளிலே உருவேறி ஆடுவோரும் பறையொலியையும் வேப்பிலையையும் பாடலையும் நோன்பையும் கொண்டே அந்நிலை எய்துகின்றனர். தெய்வம் உட்புகுதற்கு வாயில்கள் பல. அவற்றுள் ஒன்று மட்டுமே வயிற்றின் வழியது.

அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறை இன்னுமொரு வகையிலும் இங்கு ஒளி தருகின்றது. தலைவி மெலிகின்றாள். காரணம் முருகணங்கு என்று தாய் கொள்கின்றாள். வேலனை அழைத்துக் களன் இழைத்து வெறியாட்டு நிகழ்த்துகின்றாள். உண்மைக் காரணம் மலைநாடனின் மார்பு என்பதைத் தோழி அறிவாள். நோயின் நிலை யாவர்க்கும் கண்கூடு. காரணத்திற்குப் பெயரிடுவதிலேயே பிழை நேர்ந்துவிடுகின்றது. கிரேக்கச் சொல் தெய்வ ஆவேசத்தையும் காதல் வேட்கையையும் ஒருங்கே தழுவியது போலவே தமிழ்ப் புலவரும் அவை வெளித்தோற்றத்தில் ஒத்திருத்தலைக் கண்டனர். ஆயின் அவர்கள் அவ்வொப்புமையைக் கொண்டு காரணத்தை நிறுவவில்லை. அதனாலெழும் மயக்கத்தையே பாட்டின் பொருளாக்கினர்.

காரணத்தைப் பெயருக்குள் நுழைப்பது 'ஜென்' என்னும் ஈறே. அது ஆதலைக் குறிக்கும் வேர் என ஐவரும் விளக்கினர். கிரேக்க அகராதியை நோக்க அது சரியே. ஆனால் அறிவியல் வழக்கில் அவ்வீறு எப்பொருளில் நிலைபெற்றுவிட்டது என்பதை அவர்கள் அறியாதிருக்க முடியாது. ஹைதரசன் நீரை உண்டாக்குவது; ஹலூசினோஜென் பொய்த்தோற்றத்தை உண்டாக்குவது. அவ்வரிசையிலே வைத்துப் படிப்போர் என்தியோஜென் என்பதைத் தெய்வத்தை உண்டாக்குவது என்றே கொள்வர். அவ்வாறே கொண்டும் உள்ளனர். இதனால், ஆடுகின்றவனிடத்தும் அவனைச் சூழ்ந்து நிற்கும் ஊரிடத்தும் பாடலிடத்தும் நம்பிக்கையிடத்தும் பரந்து கிடந்த ஒன்று, ஒரு காளானின் வேதியற் பண்பாகக் குறுகிப்போகின்றது. நோயெனக் கண்ட உளமருத்துவனைப் போலவே இவர்களும் எல்லாவற்றையும் பொருளுக்குள்ளேயே தேடினர். அவன் அங்கே பித்தினைக் கண்டான், இவர்கள் தெய்வத்தைக் கண்டனர் என்பதே வேறுபாடு.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. சொல் பிறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1978இல், வாசன், ஹொவ்மன், றக் ஆகிய மூவரும் பண்டைக் கிரேக்கத்தின் எலூசிஸ் மறைச்சடங்கு பற்றி நூலொன்று வெளியிட்டனர். அச்சடங்கிலே தீட்சை பெற்றோர் அருந்திய 'கிக்கியோன்' என்னும் பானத்திலே, தானியக் கதிரைப் பற்றும் எர்கொட் என்னும் பூஞ்சணத்தின் சத்து கலந்திருந்தது என்பது அந்நூலின் கருதுகோள். அதற்கும் முன்னர், 1968இல், இருக்குவேதத்துச் சோமம் செந்நிறத் தலையுடைய ஈக்கொல்லிக் காளானே என வாசன் வாதித்திருந்தார். இவ்விரு கருதுகோள்களும் அறிஞரிடையே பெரும் விவாதத்திற்கு உட்பட்டவை, இரண்டும் நிறுவப்படவில்லை. சமயங்களின் ஊற்றுக்கண் இத்தகைய தாவரங்களே எனக் கருதிய ஒருவர், அக்கருத்தினையே பெயராக்கி வைக்கும்போது, இனி அதனை நிறுவவேண்டிய கடப்பாடு மறைந்துவிடுகின்றது. எலூசிஸின் பானம் ஒரு 'என்தியோஜென்' எனக் கூறியதுமே வழக்கு முடிந்ததுபோலத் தோன்றும். சான்று தரவேண்டிய இடத்திலே சொல்லைத் தருதல் ஆய்வுலகிற் புதியதன்று. தமிழாராய்ச்சியிலும் வேர்ச்சொல்லொன்றைக் காட்டி ஒரு நாகரிகத்தையே எழுப்பிவிடுவோரைக் காணலாம்.

தம் சொல்லின் எல்லையை வரையறுக்கையிலும் ஐவர் இரு மனத்தினராய் இருந்தனர். கண்டிப்பான பொருளில், சமயச் சடங்குகளிற் பயன்பட்டமைக்குச் சான்றுள்ளவற்றை மட்டுமே அச்சொல்லாற் குறித்தல் வேண்டும் என்றனர். தளர்ந்த பொருளிலோ, இயற்கையாயினும் செயற்கையாயினும் அவற்றை ஒத்த மாற்றத்தை விளைவிக்கும் பிறவற்றையும் அதனாற் சுட்டலாம் என்றனர். கதவை அடைத்துவிட்டுச் சாளரத்தைத் திறந்து வைத்தமையையே இது ஒக்கும். சொல்லின் பிற்கால வரலாறு சாளரத்தின் வழியே நடந்தது. 2019இல் கலிபோர்னியாவின் ஓக்லன்ட் மாநகரசபையும், 2020இல் வாசிங்டன் தலைநகர வாக்காளரும் இத்தகைய தாவரங்களையும் காளான்களையும் பற்றிய வழக்குத் தொடுப்பைப் பொலிசாரின் கடமைகளுட் கடைசியிடத்திற்குத் தள்ளும் தீர்மானங்களை நிறைவேற்றினர். இரண்டிலும் பயன்பட்ட சொல் 'என்தியோஜென்' என்பதன் பெயரடை வடிவமே. அங்கே சடங்கு எதுவும் வேண்டப்படவில்லை, தெய்வநம்பிக்கையும் வேண்டப்படவில்லை. சமயச்சார்பற்ற நகரசபையொன்றின் தீர்மானத்திலே கிரேக்கத் தெய்வம் எவரும் அறியாமல் வந்தமர்ந்துவிட்டது.

இச்சொல் மதிப்பினை மீட்டுத் தந்தது, அதனாற் சிறைக்கூடத்திலிருந்து சிலரையேனும் காத்தது என அதன் ஆதரவாளர் கூறுவர். இதனை இலேசாகத் தள்ளிவிடலாகாது. ஆனால் சட்டப் பாதுகாப்பு உண்மையில் எவ்வாறு கிட்டியது என்பதை நோக்கவேண்டும். பெயோட்டியை அருந்தி வழிபடும் வட அமெரிக்கப் பழங்குடியினர் 1918இல் ஒக்லகோமாவிலே தம்மை ஒரு திருச்சபையாகப் பதிவுசெய்தனர். தடைச்சட்டங்கள் சூழ்ந்த வேளையிலே அவர்கள் பெயரிட்டது தாவரத்திற்கன்று, தம் கூட்டத்திற்கு. 1990இல் ஒறிகன் மாநிலத்து வழக்கொன்றில் உயர்நீதிமன்றம் அத்திருச்சபையினர்க்கு எதிராகத் தீர்ப்பளித்தபோதும், 1994இற் சட்டத்திருத்தம் அவர்களது சடங்கினைக் காத்தது. பிறேசிலிற் தோன்றிய சிறு சமயக்குழுவொன்றுக்கு, அதன் அயவாஸ்காத் தேநீரை அருந்தும் உரிமையை 2006இல் அதே நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றதும் சமய ஒழுகலாற்றின் உண்மையைக் கருதியேயாம். பாதுகாப்புப் பெற்றவை சடங்கும் கூட்டமும் ஆகும். பொருளுக்குச் சூட்டிய புனிதப்பெயர் அங்கே வேண்டப்படவில்லை.

இனி, எவருடைய மதிப்பினைக் காக்க இச்சொல் புனையப்பட்டதோ அவர்களிடம் செல்லல் வேண்டும். மெக்சிக்கோவின் வஹாக்கா மாநிலத்து மலைப்பகுதியிலே ஹுவவுட்லா என்னும் ஊரில் வாழ்ந்த மசத்தெக் இனத்தவரான மரியா சபீனா, 1955ஆம் ஆண்டு யூன் மாத இறுதியிலே வாசனை இரவுச் சடங்கொன்றிற்கு அனுமதித்தார். 1957இல் வாசன் அதனைப் பல இலட்சம் பிரதிகள் விற்பனையாகும் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் எழுதினார். அப்பெண்ணின் பெயரை மறைத்தே எழுதினார். மறைப்பு நெடுநாள் நிற்கவில்லை. 1960களிலே வெளிநாட்டு இளைஞர் கூட்டங்கூட்டமாக அம்மலையேறினர். ஊரார் அவரைப் பழித்தனர். அவர் வீடு எரிந்தது. அதிகாரிகளின் விசாரணைக்கும் அவர் ஆளாகினார். 1985இல் அவர் காலமானது வறுமையிலேயே.

அவர் வாய்மொழியை அவரது இனத்தவரான அல்வாரோ எஸ்திராடா பதிவுசெய்து 1977இல் நூலாக்கினார். அதிலே அவர் தெரிவித்த செய்தியொன்று ஐவரின் சொல்லுக்கு நேர் எதிராக நிற்கின்றது. வாசன் வருமுன்னர், தெய்வத்தைக் காண்பதற்காக மட்டும் அக்காளான்களை உண்டார் எவருமிலர். நோயுற்றோர் நலம்பெறுதற்காகவே அவை உண்ணப்பட்டன என்பதே அச்செய்தி. அந்நியர் வரவின்பின் அவை ஆற்றலிழந்தன என்றும் அவர் வருந்தினார். நோயின் காரணத்தையும் தீர்வையும் அறியும் கருவியாய் இருந்ததைத் தெய்வம் தேடும் கருவியாக்கியது தொலைவிலிருந்து வந்தவரின் தேட்டமே. அந்நூல் வெளிவந்து ஈராண்டின்பின், அதே தேட்டத்தைக் கிரேக்க வேரிலே பொதிந்து அம்மக்களின் பெயரால் உலகிற்கு வழங்கினர். அம்மக்களை மதிக்க விழைந்த கட்டுரையிலே அவர்களது சொல் ஆளப்படாது, இரண்டாயிரமாண்டுகட்கு முன் வேறொரு கடற்கரையில் வழங்கிய சொல் ஆளப்பட்டமை தற்செயலன்று. மேனாட்டுக் கல்விமானுக்குக் கிரேக்கமே மதிப்பின் மொழி.

மசத்தெக் மொழியிலே அக்காளான்கட்கு வழங்கிய பெயர் 'முளைத்தெழும் சின்னஞ்சிறியவை' என்னும் கருத்தினது. செல்லமும் பணிவும் கலந்தது. மரியா சபீனா அவற்றைக் குழந்தைகள் என்றே அழைத்தார். தெய்வம் என்னும் சொல் இதனுள் முதன்முதல் நுழைந்த வழியும் கருதற்பாலது. நஹுவாட்டில் மொழியின் 'தெயோநானாகாட்டில்' என்பதற்குத் தெய்வீகக் காளான் என்பதே நேர்ப்பொருள். 16ஆம் நூற்றாண்டின் பிரான்சிஸ்கன் துறவியான மொத்தொலீனியா அதனைக் 'கடவுளின் தசை' எனப் பெயர்த்து, அக்கடவுள் சாத்தானே எனவும் குறித்துவைத்தார். தம் நற்கருணையின் நிழலை அவர் அங்கே கண்டு அஞ்சினார் போலும். 1620இல் மெக்சிக்கோவின் சமயவிசாரணை மன்றம் பெயோட்டியைத் தடைசெய்தது. துறவி அஞ்சி வைத்த பெயரையே ஆய்வாளர் பிற்காலத்தில் வியந்து போற்றினர்.

இவற்றையெல்லாம் தமிழில் எழுதப் புகுவோர் எச்சொல்லை ஆள்வது? பல்கலைக்கழகத்திலே தமிழ்மொழி மூலம் கற்பித்தல் வேரூன்றிய காலந்தொட்டுக் கலைச்சொல்லாக்கத்திற் பழகிய நமக்கு, 'உள்ளிறையாக்கி' என்றோ வேறொருவாறோ ஒரு சொல்லை நிமிடத்தில் ஆக்கிவிடுதல் அரிதன்று. அவ்வாறு ஆக்கினால் மூலச்சொல்லின் நிறுவப்படாத கருதுகோளும் உடன் வந்துவிடும். நாளிதழ்களின் 'போதைப்பொருள்' என்பதோ கள்ளையும் அபினையும் கஞ்சாவையும் பெயோட்டியையும் ஒரே கூடைக்குள் இட்டுவிடுகின்றது. இலங்கையின் சட்டத்தமிழ் இவ்விடத்தில் வேறொரு வழி சென்றுள்ளது. 1929ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் தொடக்கம் வழங்கும் 'அபாயகர ஔடதங்கள்' என்னும் தொடரிலே, பொருள் முதலில் ஔடதமாகவே ஏற்கப்படுகின்றது. அபாயம் அடைமொழியாகப் பின் சேர்கின்றது. மூலிகையைச் சுட்டும் வடசொல்லோடு உறவுடையது ஔடதம் என்பது. சுதேச வைத்தியர்க்கு அபினும் கஞ்சாவும் உரிய ஒழுங்கின்படி இன்றும் வழங்கப்படும் நாட்டிலே அத்தொடர் பொருத்தமற்றதன்று.

அதனினும் எளிய சொல் ஒன்றுண்டு. 'மருந்து' என்பது நோய் தீர்ப்பது, அமிழ்தும் அது, பகைவன் சோற்றிற் கலந்து ஊட்டும் வசியமும் அது, பயிருக்குத் தெளிக்கும் நஞ்சையும் நம் கமக்காரர் மருந்தென்றே கூறுவர், அதனைக் குடித்து மாண்டவனை 'மருந்து குடித்தான்' என்றே ஊர் சொல்லும். கிரேக்கரின் 'பார்மகொன்' என்பதும் இவ்வாறே நோய்தீர்ப்பதையும் நஞ்சையும் ஒருங்கே குறித்தது. ஐவர் அகராதியிலே இன்னும் சில பக்கங்கள் புரட்டியிருப்பின் அச்சொல்லையே எடுத்திருக்கலாம். பெயோட்டித் திருச்சபையினரும் தம் கள்ளியைக் குறிக்குமிடத்து மருந்து என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லையே வழங்குகின்றனர். மரியா சபீனாவின் பாயிற் கிடந்தவன் நோயாளியே. அவனைப் பற்றித் தமிழில் எழுதுவோர்க்கு அவன் உண்டது மருந்து; அவளைப் பற்றி எழுதுவோர்க்கு அது குழந்தைகள்; வாசனைப் பற்றி எழுதுமிடத்து மட்டும் 'என்தியோஜென்' என்பதை மேற்கோட்குறியினுள் இடுதல் போதும்.